போடாமலே எரிஞ்சுதே!

இரவு மணி பதினொன்றரை. குன்றத்தூர் மலைக்கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வாடகை வீடு. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா கதவைத் திறக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இன்னும் தூங்கவில்லை. தரையில் அட்டையில் செய்த டிராஃபிக் சிக்னல், பக்கத்தில் நீல நிற ஆர்டுயினோ போர்டு, கலர் கலராக ஒயர்கள். மகளின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

“நாளன்னிக்கு எக்ஸிபிஷன். சிவப்பு லைட்டு எரியவே மாட்டேங்குதும்மா. நேத்து நல்லா எரிஞ்சுது.”

“லைட்டு போயிருக்கும். வேற போட்டுப் பாத்தியா?”

“மூணு மாத்திட்டேன். புரோகிராமும் நாலு தடவை பாத்துட்டேன். தப்பே இல்ல.”

அம்மா கிட் பெட்டியை எட்டிப் பார்க்கிறார். காகித டேப்பில் வரிசையாக ஒட்டிய சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“இதை ஏன் கண்ணு போடல?”

“போடாமலே எரிஞ்சுதும்மா!”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஆர்டுயினோ கிட் வாங்கிய பல வீடுகளில் இந்த ஒரு வரியைக் கேட்கலாம். போடாமலே எரிந்தது உண்மை. மறுநாள் எரியாமல் போனதற்குக் காரணமும் அதுவேதான்.

செத்தது லைட் அல்ல

ஆர்டுயினோ ஊனோ போர்டின் மூளை, அட்மெகா 328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப். அதன் ஒவ்வொரு பின்னும் எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. 20 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 40 மில்லி ஆம்பியர் என்பது தாண்டவே கூடாத எல்லை. எல்லா பின்களும் சேர்ந்து, சிப் முழுவதற்கும் 200 மில்லி ஆம்பியர்.

ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு சிவப்பு எல்இடியை 5 வோல்ட் பின்னில் நேரடியாகச் செருகினால் இந்த 40 சுலபமாகத் தாண்டிவிடும். எல்இடி பளீரென்று எரியும். பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம். உள்ளே அந்தப் பின்னை இயக்கும் நுண்ணிய டிரான்சிஸ்டர் சூடேறிக்கொண்டிருக்கும். சில நேரம் எல்இடி முதலில் போகும். சில நேரம் பின் முதலில் போகும். சில போர்டுகள் பல நாள் தாங்கும். சில ஒரு மணி நேரத்தில் கைவிரிக்கும்.

எல்இடி போனால் நஷ்டம் சில ரூபாய். பின் போனால்தான் சோதனை. போர்டில் பவர் லைட் எரிகிறது, கம்ப்யூட்டரில் புரோகிராம் ஏறுகிறது, மற்ற பின்கள் வேலை செய்கின்றன. அதனால் யாரும் போர்டைச் சந்தேகிப்பதில்லை. குழந்தை தன் புரோகிராமில் தப்பு தேடுகிறது. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறது. கடைசியில், “எனக்கு இதெல்லாம் வராது” என்று முடிவு கட்டிவிடுகிறது. ஒரு மிட்டாய் விலை பொருளை விட்டதால் வரும் பெரிய நஷ்டம் அதுதான்.

ஏரியும் கலங்கலும்

குண்டு பல்பை பேட்டரியில் நேரடியாக மாட்டுகிறோம். எல்இடிக்கு மட்டும் ஏன் இந்த உபசாரம்?

குண்டு பல்பின் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். அதனால் தனக்கு வேண்டிய அளவோடு அது நின்றுகொள்ளும். எல்இடி நேர்மாறு. சூடானால் இன்னும் அதிக மின்சாரத்தை விடும். அதனால் இன்னும் சூடாகும். தானாக ‘போதும்’ சொல்லத் தெரியாத பிள்ளை அது.

செம்பரம்பாக்கம் ஏரி குன்றத்தூர்க்காரர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. மழைக்காலம் வந்தால் 24 அடியில் எத்தனை அடி நிரம்பியிருக்கிறது என்று தினமும் செல்போனில் பார்ப்பார்கள். சின்னக் கிராமத்து ஏரிகளில் உபரிநீர் வழிய கலங்கல் என்று ஒன்று கட்டியிருப்பார்கள். தண்ணீர் அந்த மட்டத்தைத் தொடும்வரை ஒரு சொட்டுகூட வழியாது. தொட்டு ஒரு சாண் ஏறிவிட்டால் ஓடை நிறைந்து ஓடும்.

எல்இடியும் ஒரு கலங்கல்தான். சாதாரண சிவப்பு எல்இடிக்கு அந்த மட்டம் சுமார் 2 வோல்ட். அதற்கு நன்றாகக் கீழே இருந்தால் எரியாது. அதைத் தொட்டால் அழகாக எரியும். அதற்கு மேல் வோல்ட்டில் கால் பங்கு கூடினாலே மின்சாரம் மளமளவென்று ஏறிவிடும். அங்கே 5 வோல்ட்டைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்?

ரெசிஸ்டர் என்பது ஷட்டர். செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு நீர் இருந்தாலும் ஷட்டரைச் சில அங்குலம் மட்டும் தூக்கி, அடையாறு தாங்குகிற அளவு மட்டும் விடுவது போல, எல்இடி தாங்குகிற அளவு மின்சாரத்தை மட்டும் விடுவது அதன் வேலை. கூடுதலாக இருக்கும் வோல்ட்டை அது தன் மேல் வாங்கிக்கொள்கிறது.

கணக்கு ஒரு வரிதான்

ஷட்டரை எவ்வளவு தூக்குவது? அதற்கு 1827-ல் ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம் எழுதி வைத்த விதி போதும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான்.

போர்டின் வோல்ட்டில் எல்இடியின் வோல்ட்டைக் கழிக்க வேண்டும். மீதியை, வேண்டிய ஆம்பியரால் வகுக்க வேண்டும். வருவது ஓம்.

சிவப்பு எல்இடி, 5 வோல்ட் போர்டு, 15 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 − 2 = 3 வோல்ட். 15 மில்லி ஆம்பியர் என்றால் 0.015 ஆம்பியர். 3 ÷ 0.015 = 200 ஓம்.

கடையில் போய் 200 ஓம் கேட்டால் எல்லா இடத்திலும் கிடைக்காது. ரெசிஸ்டர்கள் எல்லா எண்ணிலும் வருவதில்லை. கிட்களில் வழக்கமாக இருக்கும் வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இவற்றை பத்தால், நூறால், ஆயிரத்தால் பெருக்கிய மதிப்புகளும் அந்த வரிசையில் சேரும். 200-க்கு அடுத்துப் பெரியது 220. எல்லா ஆர்டுயினோ கிட்டிலும் 220 ஓம் தவறாமல் இருப்பதன் ரகசியம் இதுதான். 10 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 3 ÷ 0.010 = 300; அதற்கு அடுத்த பெரிய மதிப்பு 330.

கணக்கில் வரும் எண் கிடைக்காவிட்டால் எப்போதும் அடுத்த பெரிய எண்ணுக்குப் போக வேண்டும். சேலை நீளம் கொஞ்சம் கூடினால் மடித்துக்கொள்ளலாம். குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ரெசிஸ்டரும் அப்படித்தான். கூடினால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நம் கண், பாதி மின்சாரத்தைப் பாதி வெளிச்சமாகப் பார்ப்பதும் இல்லை. இப்போது வரும் நல்ல எல்இடிகள் 2, 3 மில்லி ஆம்பியரிலேயே தெளிவாகத் தெரியும். வீட்டுக்குள் வைக்கிற சின்ன இண்டிகேட்டருக்கு 1,000 ஓம் போட்டாலும் தாராளம்.

நிறம் மாறினால் கணக்கும் மாறும்

“யூடியூபுல எல்லாத்துக்கும் 220 போடச் சொல்றாங்களேம்மா?” என்று மகள் கேட்பாள். நியாயமான கேள்வி.

எல்இடியின் வோல்ட் அதன் நிறத்தைப் பொறுத்தது. வானவில் வரிசையில் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகப் போக ஒளியின் ஆற்றல் கூடும். ஆற்றல் கூடிய ஒளியைக் கிளப்ப வோல்ட்டும் கூடுதலாக வேண்டும். சிவப்பு, மஞ்சள் எல்இடிகளுக்குச் சுமார் 2 வோல்ட். நீலம், வெள்ளைக்குச் சுமார் 3 முதல் 3.4 வோல்ட். பச்சையில் இரண்டு சாதி உண்டு. பழைய, மங்கலான பச்சை 2 வோல்ட் பக்கம். கண்ணைப் பறிக்கும் புதுப் பச்சை 3 வோல்ட் பக்கம்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்இடியை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் 1962-ல் உருவாக்கினார். நல்ல வெளிச்சமான நீலம் வர 1990-கள் ஆனது. அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி பல்பு, அந்த நீலத்தின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு பூசியதுதான்.

நீலத்துக்குக் கணக்குப் போடுங்கள். 5 − 3.2 = 1.8 வோல்ட். 220 ஓம் போட்டால் 8 மில்லி ஆம்பியர்தான் ஓடும். அதே 220-ல் சிவப்புக்கு 13-க்கு மேல் ஓடும். ஆக, 220 என்பது மந்திரம் அல்ல. ஒரு குறிப்பிட்ட கணக்கின் விடை.

போர்டு மாறினாலும் மாறும்

இங்கேதான் இப்போது நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2023-ல் ஆர்டுயினோ ஊனோ ஆர்4 வந்தது. பார்க்கப் பழைய ஊனோ மாதிரியே இருக்கும், அதுவும் 5 வோல்ட்தான். ஆனால் சிப் வேறு. ஒரு பின்னுக்கு 8 மில்லி ஆம்பியர்தான் வரம்பு. பழைய வீடியோவைப் பார்த்து அதில் சிவப்பு எல்இடிக்கு 220 போட்டால் 13-க்கு மேல் போய்விடும். கணக்குப்படி 3 ÷ 0.008 = 375. எனவே 390-க்குக் குறையக் கூடாது. 470 போட்டால் நிம்மதி.

இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற போர்டுகள் 5 வோல்ட் அல்ல, 3.3 வோல்ட். சிவப்புக்கு மீதி 1.3 வோல்ட். 330 ஓம் போட்டால் சுமார் 4 மில்லி ஆம்பியர், அது போதும். நீலம், வெள்ளைக்கு மீதி 0.1 வோல்ட்தான். ரெசிஸ்டர் போட்டால் மங்கலாக எரியும். “அப்போ ரெசிஸ்டரை எடுத்துடலாமே” என்று தோன்றும். எடுக்கக் கூடாது. 3 வோல்ட்டிலேயே எரியும் எல்இடியும் அதே பாக்கெட்டில் இருக்கலாம்; ஷட்டரே இல்லாமல் அதை நம்பி விட முடியாது. வெளிச்சம் வேண்டுமென்றால் சிவப்பு, மஞ்சளுக்கு மாறலாம். அல்லது டிரான்சிஸ்டர் வைத்து 5 வோல்ட்டிலிருந்து எரிக்கலாம்.

அம்மாவுக்குத் தெரிந்த எண்

மகள் டேப்பிலிருந்து ஒரு ரெசிஸ்டரைப் பிரிக்கிறாள். உடம்பில் நான்கு கோடுகள். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு, தங்கம்.

“இது எவ்வளவுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?”

இந்த அம்மாக்களை அந்தப் பகுதி நன்றாக அறியும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அந்தப் பட்டன் போன்களின் கீபேடுக்கு அடியில் வெளிச்சம் தந்தவையும் எல்இடிகள்தான். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்கியது. ஒரகடம் வரை நீளும் இந்தத் தொழிற்பேட்டை வரிசையில் இன்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் சர்க்யூட் போர்டு லைனில் நிற்கிறார்கள். ரவை அளவு ரெசிஸ்டர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே ரீலில் சுற்றி வரும். அதை ஃபீடரில் மாட்டினால் மெஷின் ஒவ்வொன்றாக எடுத்து போர்டில் வைக்கும். ரீலை மாற்றி மாட்டிவிட்டால் அந்த லாட் முழுக்கக் கோளாறு. அதனால் எண்ணைப் பார்த்துப் பார்த்து அவர்கள் கண் பழகியிருக்கும்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார்.

“எங்க லைன்ல கோடு கிடையாது, நம்பர்தான். 221-ன்னா 22 எழுதி ஒரு சைபர், 220. 331-ன்னா 33, ஒரு சைபர், 330. 102-ன்னா 10, ரெண்டு சைபர், ஆயிரம்.”

மகள் கிட்டோடு வந்த அட்டையைப் பார்க்கிறாள். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9.

“ஆரஞ்சு 3, ஆரஞ்சு 3, பழுப்பு 1... அம்மா, இதுவும் 331-தான்!”

அதேதான். எண்ணை அச்சடித்தால் 331, கோடாகப் போட்டால் ஆரஞ்சு-ஆரஞ்சு-பழுப்பு. கடைசித் தங்கக் கோடு, மதிப்பு 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதற்கு. 220 என்றால் சிவப்பு-சிவப்பு-பழுப்பு. 1,000 என்றால் பழுப்பு-கறுப்பு-சிவப்பு. 10,000 என்றால் பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு. கடைசி இரண்டும் இரவு வெளிச்சத்தில் குழப்பும். எல்இடி எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கலாக இருந்தால், ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். நீல நிற உடம்பில் ஐந்து கோடு உள்ளவற்றில் முதல் மூன்றும் இலக்கங்கள், நான்காவதுதான் சைபர். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

ரெசிஸ்டரை எல்இடியின் எந்தப் பக்கம் போட வேண்டும்? எந்தப் பக்கமும் போடலாம். ஒரே வழியில் ஓடும் மின்சாரம் முன்னாலும் பின்னாலும் ஒன்றுதான். ஆனால் எல்இடிக்குத் திசை உண்டு. நீளக் கால் பிளஸ். கால்களை வெட்டிவிட்டால், விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ்.

மூன்று எல்இடிக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போதுமா? மூன்றையும் பக்கம் பக்கமாக இணைத்து ஒரே ரெசிஸ்டர் போடுவது தப்பு. மட்டம் தாழ்ந்த கலங்கலில்தான் தண்ணீர் முதலில் வழியும். சிவப்பும் நீலமும் அப்படிச் சேர்ந்தால் சிவப்பு எரியும், நீலம் சும்மா இருக்கும். ஒரே நிறத்திலும் பங்கு சமமாகப் பிரியாது. ஒரு எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் என்பதே சரி.

அப்படியானால் கீ-செயின் டார்ச்சில் பட்டன் பேட்டரி மட்டும்தானே இருக்கிறது? அந்த பேட்டரிக்கு உள்ளேயே மின்தடை இருக்கிறது. அதனால் அதிகம் கொடுக்க நினைத்தாலும் அதால் முடியாது. அங்கே ரெசிஸ்டர் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது.

டிவி ஷெல்ஃபில் ஒட்டும் 12 வோல்ட் எல்இடி பட்டையைக் கவனித்தால் இது இன்னும் புரியும். மூன்று எல்இடிக்கு ஒரு சின்னக் கறுப்புத் துண்டு இருக்கும். அதில் 151 என்று எழுதியிருந்தால் 150 ஓம். மூன்று வெள்ளை எல்இடிகள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக 9.6 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 2.4. அதை 150-ஆல் வகுத்தால் 16 மில்லி ஆம்பியர். இங்கே மூன்றுக்கு ஒன்று சரி, ஏனென்றால் அவை பக்கம் பக்கமாக இல்லை, வரிசையாக இருக்கின்றன.

ரெசிஸ்டர் சூடாகிக் கருகாதா? 3 வோல்ட்டை 13.6 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் சுமார் 41 மில்லிவாட். கிட்டில் இருக்கும் கால் வாட் ரெசிஸ்டர் 250 மில்லிவாட் தாங்கும். கவலை வேண்டாம்.

மணி பன்னிரண்டரை

மகள் மூன்று எல்இடிக்கும் தனித்தனியாக 330 போடுகிறாள். மஞ்சளும் பச்சையும் எரிகின்றன. சிவப்பு இன்னும் எரியவில்லை. 13-ம் நம்பர் பின் போனது போனதுதான். ரெசிஸ்டர் வைத்தியம் பார்க்காது, வருமுன் காக்கும், அவ்வளவே.

“வேற ஓட்டை சும்மாதானே இருக்கு? அதுல சொருகிப் பாரேன்” என்கிறார் அம்மா.

சிவப்பு ஒயர் 8-ம் நம்பருக்கு மாறுகிறது. புரோகிராமில் 13 என்ற இடத்தில் 8. ஒரே ஒரு எண். சிவப்பு எரிகிறது. நேற்றைப் போலப் பளீரென்று இல்லை, நிதானமாக.

எக்ஸிபிஷனில் சார்ட் ஒட்ட வேண்டும். ‘சாலை விதிகளை மதிப்போம்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்ததற்குக் கீழே மகள் இன்னொரு வரி சேர்க்கிறாள்: ‘5 − 2 = 3 வோல்ட். 3 ÷ 330 = 9 மில்லி ஆம்பியர்.’ யாராவது ஏன் 330 என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

வீட்டில் செய்து பாருங்கள்: ஒரு சிவப்பு எல்இடி, 220, 1,000, 10,000 ஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று. 5 வோல்ட் பின்னில் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இணைத்து வெளிச்சத்தை ஒப்பிடுங்கள். போர்டு ஊனோ ஆர்4 என்றால் 220-க்குப் பதில் 470. 8 மில்லி ஆம்பியரை மறக்க வேண்டாம். முதலில் கணக்கைப் பேப்பரில் போட்டு, எது எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று வீட்டில் ஆளுக்கொரு ஊகம் எழுதி வையுங்கள். 1,000 ஓம் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று பார்த்தால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.